காரை

வருகிறவர்களின் படபடப்பு குறையட்டும் என்று
டாக்டர் நஜ்முதீன் வாங்கி வைத்த மீன்தொட்டி
ஆடி பிறந்ததிலிருந்து
பல் குடையும் மெஷின் மாதிரியே கத்துகிறது.

பட்டமங்கலத் தெருவில் மாடி ஏறி
டோக்கன் வாங்கி உட்காருகிறவர்கள்
சத்தம் வரும் பக்கம் பார்ப்பதில்லை,
உள்ளறைக் கதவைப் பார்க்கிறார்கள்.
"அது மோட்டாருங்க. மீனுக்கு."
ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிறேன்.
செம்பனார்கோயில் டீச்சர் ஒருவர்
நம்பாமல் செருப்பைத் தேடினார்.

காரைக்கால் கடையில் புதுசு அறுநூற்றைம்பதாம்.
"பாக்கலாம்," என்றார் டாக்டர்.
அவர் பாக்கலாம் என்றால்
நான்தான் பார்க்க வேண்டும்.

முதலில் தண்ணீர்.
நாலு விரற்கடை வற்றியிருந்தது.
இரண்டு குடம் ஊற்றியதும்
சளசளப்பு போயிற்று, கர்ர் போகவில்லை.

குத்தாலத்து ராசாங்கம், கன்னம் வீங்கி,
துண்டை அழுத்தியபடி காது கொடுத்தார்.
அஞ்சு குதிரை மோட்டாரோடு குடித்தனம் நடத்துகிறவர்.
"ஃபுட்வால்வு காத்து வாங்குது தங்கச்சி,"
பாதி வாயால் சொன்னார்.
உள்ளங்கையளவு பம்பில் ஏது ஃபுட்வால்வு?
ஆனாலும் சாய்த்துப் பிடித்தேன்.
மாட்டிக்கிடந்த காற்று
மூன்று முட்டையாக மேலே போய் உடைந்தது.
சத்தம் அரைவாசி.
அவர் முகத்தில் வீங்காத பாதி சிரித்தது.

மிச்ச அரைவாசிதான் வேலை வாங்கியது.

கையில் பிடித்தால் அடங்குகிறது,
கண்ணாடியில் ஒட்டினால் கத்துகிறது.
புரட்டிப் பார்த்தால் ரப்பர்க் கால் நாலும்
எலும்பாக இறுகியிருந்தன.
கீழே பஞ்சர் கடை ஜெயசீலனிடம்
கிழிந்த ட்யூபில் ஒரு சாண் கேட்டு வாங்கி
வெட்டி முட்டுக் கொடுத்தேன்.
கண்ணாடி நடுங்குவது நின்றது.
இப்போது நறநறவென்று மட்டும்,
தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல.

மதியம் கூட்டம் வடிந்தபின்
பிளக்கை உருவிவிட்டுத்தான் கையை விட்டேன்.
மூடியைத் திருகினால் சின்ன விசிறி,
விசிறியோடு ஒட்டிய காந்த உருளை,
உருளை முழுக்க வெள்ளைப் பொருக்கு.
இருநூறடி போர்த் தண்ணீர்.
ஆற்றில் தண்ணீர் வந்து பத்து நாளாகிறது,
எங்கள் போருக்கு இன்னும் தகவல் போகவில்லை.

டாக்டர் எட்டிப் பார்த்தார்,
பழக்க தோஷத்தில் வாய்க்கண்ணாடியும் கையுமாக.
"காரைதான். ஸ்கேலிங் பண்ணிடு," என்றார்.
எலுமிச்சம்பழம் பிழிந்து அரைமணி ஊறவைத்து
முனை மழுங்கிப்போன அவருடைய கொக்கியால்
சுரண்டினேன். பிறகு டூத்பிரஷ்.
துப்பச் சொல்ல வேண்டாத வாய்.
பீங்கான் தண்டின் அடியில், கடுகளவு,
ஒரு நத்தைக்குஞ்சின் ஓடு.
ஓடு மட்டும்.

மாட்டினேன். பிளக்கைச் செருகினேன்.
ஓடுகிறதா என்று
விரலை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.
ஓடியது.
கறுப்பு மோலி ஒன்று
குழாய் முன்னால் வந்து
பின்பக்கமாகவே சறுக்கிப் போனது.

சாயங்காலம் ஆறு மணி.
உள்ளே முதல் ஆளுக்குக் குடைய ஆரம்பித்தார் டாக்டர்.
இத்தனை நாள் இதோடு கலந்தே கிடந்தது,
எது எதென்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியாது.
இப்போது தனியாக வருகிறது,
கதவு இடுக்கு வழியே,
மெலிசாக, நீளமாக.
பெஞ்சில் ஆறு பேரும்
ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள்.

மணல்மேட்டுப் பையன் ஒருவன்,
பத்து வயதிருக்கும்,
அப்பா சட்டையை விடாமல் கேட்டான்:
"அக்கா, அது என்ன சத்தம்?"

"மோட்டாரு," என்றேன். "மீனுக்கு."

சட்டையை விட்டுவிட்டு
தொட்டி கிட்டே போனான்.
கண்ணாடியில் காதை வைத்தான்.