மிதிக்கக் கூடாது

நாற்பத்து மூன்று துளை போட்டிருந்தோம்
அந்த மஞ்சள் பாறையில்,
நிலம் நடுங்குவதற்கு முந்தைய வசந்தத்தில்.
எங்கள் ஏற்றப் பாதைக்கு
'ஞாயிற்றுச் சோம்பல்' என்று பெயரும் வைத்தோம்.
அங்கே அதற்கு ஏற்கெனவே பெயர் உண்டா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
ஐத் உவாசிஃப் ஊரார் புதினாத் தேநீர் தந்தார்கள்.
கயிற்றைத் தடவிப் பார்த்து,
"இத்தனை பாடுபட்டு மேலே போய்
என்ன கொண்டு வருகிறீர்கள்?" என்றார்கள்.
பிளாஷ் சிரித்தான்.
மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவன்கூட
ஒரு எலியோடு இறங்குவான்.

நடுங்கிய செய்தி வந்தபோது
லுப்லியானாவில் எங்கள் ஏறு சங்கத்தார்
பழைய கயிறுகளை ஏலம் விட்டோம்.
நேஷா தன் வேனில் எழுபது போர்வை அடுக்கினாள்.
அட்லஸ் சாலையின் கடைசி வளைவுகள் இல்லை;
முதுகில் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் நடந்தோம்.

ஊர் இருந்த இடத்தில் நீலக் கூடாரங்கள்.
கூடாரங்களுக்குள்
போர்வைகள்.
எங்களுக்கு முன்னால் வந்தவர்களின் போர்வைகள்,
அவர்களுக்கும் முன்னால் வந்தவர்களின் போர்வைகள்.
ஒரு நாய் இரண்டை விரித்து
மூன்றாவதில் தலை வைத்திருந்தது.

இத்தோ,
எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்ற கணக்கை
விரல் கணுக்களில் வைத்திருப்பவள்,
எழுபதையும் எண்ணி, கையெழுத்திட்டு வாங்கினாள்.
பிறகு கேட்டாள்:
"பாறையைத் துளைக்குமே, அந்த அலறும் கருவி,
அது எங்கே?"

வேனில்தான் இருந்தது.
போர்வைகளுக்கு அடியில்.
எதற்காக எடுத்து வந்தோம் என்று
அவள் கேட்கவில்லை.

ஊற்று இடம் மாறிவிட்டதாம்.
மறுநாள் தொட்டியில் சேறு,
மூன்றாம் நாள் அதுவும் இல்லை.
பாறையின் பாதி உயரத்தில்
ஆடும் எட்டாத இடத்தில் புதிதாய் ஒரு ஈரக் கோடு;
ஊரை அடையுமுன் சரளைக்குள் போய்விடும்.
ஆற்றுக்குப் போய்வர அரை நாள்.
கோவேறு கழுதைகளில் ஐந்து இடிபாட்டில் போயின.

ஈரக் கோடு இருந்தது
எங்கள் பாதையின் ஆறாம் கட்டத்தருகே.
போன வருடம் அங்கே தொங்கி
கட்டைவிரல் உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டேன்.

பதினொரு நாள் ஆயிற்று.
மின்கலம் ஒன்பது துளைக்கு மேல் தாங்காது;
பள்ளிக்கூடத்துச் சூரியத் தகட்டில் ஏற்றினோம்.
கறுப்புக் குழாய் ஆப்பிள் தோட்டத்திலிருந்து வந்தது.
என் முதல் ஆணி பிடுங்கிக்கொண்டு போனது.
கழுதை ஓட்டும் தூதா கீழிருந்து கத்தினாள்:
அந்தக் கல் பொய், இடப்பக்கம் போ.
நான்காம் நாள் அவளே கயிற்றில் ஏறி வந்து
கூழாங்கல்லால் பாறையைத் தட்டித் தட்டி,
காது வைத்து,
இங்கே என்றாள். இங்கே. இங்கே வேண்டாம்.
இறங்கியதும் சொன்னாள்,
கழுதையைவிடக் கயிறு சொன்னபடி கேட்கிறதென்று.

தண்ணீர் முதலில் இருமியது.
காற்று, துரு, செம்மண்,
அப்புறம் தண்ணீர்.
கைதட்ட நினைத்த எங்களை விட்டு
இத்தோ கடிகாரத்தைப் பார்த்தாள்.
முதல் முறை யாருக்கு என்று
அன்றிரவே சண்டை.
அதைக் கேட்டுக்கொண்டே
பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினோம்.

கிளம்பும்போது கருவியை விட்டுவிட்டு வந்தோம்.
விட்டுவிட்டு வந்தோம் என்பது எங்கள் கணக்கு;
இத்தோவின் நோட்டில் அது
போன வசந்தத்தின் நாற்பத்து மூன்று துளைக்கான வாடகை.

மறு வருடம் போனபோது
தூதா குழாயோடு தொங்கிக்கொண்டிருந்தாள்,
வாயில் திருகுச்சாவி.
பனி வெடித்த மூட்டை மாற்றிக்கொண்டே
ஒரு காலால் எங்களைத் தள்ளிக் காட்டினாள்:
அந்தப் பக்கம்.
இரண்டு கட்டம் வழி மாற்றினோம்.
இப்போது ஏறுவது கடினம். கொஞ்சம் அசிங்கமும்கூட.

வழிகாட்டிப் புத்தகத்தின் புதிய பதிப்பில்
பாதையின் பெயர் அவர்கள் சொன்ன பெயர்.
குறிப்பை நான் எழுதினேன்:

ஆறாம் கட்டத்தில் ஒரு குழாய் உண்டு.
மிதிக்கக் கூடாது.
தாகமாக இருந்தால்
கீழே இறங்கி, கேட்டு, குடிக்கவும்.