கொட்ட வேண்டாம்

மூன்றாம் வகுப்புக்குள் நான் நுழையும்போது
பாடம் முடிந்திருக்கும்.
எனக்குக் கிடைப்பதெல்லாம் மிச்சம்:
தரையில் தண்ணீர்,
தண்ணீரில் சின்னச் சின்ன ஷூ தடங்கள்,
மேசைக்கடியில் ஆரஞ்சுத் தோல்.
போன வாரம் பீன்ஸ் விதைகளை எண்ணியிருந்தார்கள்,
விளக்குமாற்றுக்குத் தப்பியவை இன்னும் உருள்கின்றன.
அதற்கு முந்தின வாரம் பசை.
பசைக்காக ஆசிரியை ஜசிந்தாவை
நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்தத் திங்கட்கிழமை
ஜன்னலோரம் ஒரு நீலத் தொட்டி.
கோணல் எழுத்தில் ஒரு சீட்டு:
"கொட்ட வேண்டாம். சோதனை நடக்கிறது."

சுவரில் பெரிய தாள், நடுவே கோடு.
மிதப்பவை இடப்பக்கம், மூழ்குபவை வலப்பக்கம்.
தக்கை, பென்சில், தோலோடு ஆரஞ்சு இடம்.
சாவி, கரண்டி, தோலுரித்த ஆரஞ்சு வலம்.
(வீட்டுக்குப் போய் வாளியில் போட்டுப் பார்த்தேன்.
உண்மைதான்.)
"கல்" என்று வலப்பக்கம் எழுதி
தாள் கிழியும்வரை அடித்திருந்தார்கள்.
இடப்பக்கம் பச்சை மையில்:
"ஸுல்மீராவின் கல்."

தொட்டியில் மிதந்தது அது,
முட்டை அளவு, சாம்பல் நிறம், உடம்பெல்லாம் ஓட்டை.
எரிமலை துப்பிய நுரைக்கல்.
பையால் தீவில் குதிகால் தேய்க்க
வீட்டுக்கு வீடு ஒன்று உண்டு.
தீவே ஓர் எரிமலைதான்,
அதன் தோளில்தான் மாடு மேய்க்கிறோம்.
நாற்பத்தொன்பது வயதில்
ஒருநாளாவது அந்தக் கல்லைத்
தண்ணீரில் விட்டுப் பார்த்தேனா நான்?

கீழே ஒரு துண்டுத் தாளில் பந்தயம்.
"எப்போதும் மிதக்கும்": பதினேழு பேர், ஆசிரியையும் சேர்த்து.
"ஒருநாள் மூழ்கும்": லியாண்ட்ரோ.
அவன் பெயருக்குப் பக்கத்தில்
யாரோ ஒரு கழுதை வரைந்திருந்தார்கள்.

செவ்வாய் மிதந்தது. புதன் மிதந்தது.
தூங்கும் பிள்ளையைச் சுற்றிப் பெருக்குவதுபோல்
தொட்டியைச் சுற்றித் துடைத்தேன்.
வெள்ளிக்கிழமை கொஞ்சம் தாழ்ந்திருந்ததோ?
என் கண்ணாடி பழையது.
யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வியாழன்.
மூடுபனியில் எதிர்த்தீவின் மலையைக் காணோம்.
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு குமிழி.
இன்னொன்று.
கல் ஒருபக்கம் சாய்ந்தது,
யோசிப்பதுபோல் நின்றது,
பிறகு சத்தமில்லாமல் இறங்கிப் போனது.
அடியில் பட்டபோது மட்டும் டொக்.

நாற்காலியைப் பிடித்தபடி நின்றேன்.
கூப்பிட ஆளில்லை.
கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நாற்பது.

மறுநாள் காலை எனக்கு விசாரணை.
"கல்லை மாற்றிவிட்டீர்களா?" என்றாள் பெனெடிட்டா.
"தொட்டீர்களா?"
"தொட்டியை ஆட்டினீர்களா?"
"சீட்டு இருந்ததே, எப்படித் தொடுவார்?"
என்றாள் ஸுல்மீரா,
அவள் கல் தோற்றுக் கிடக்கும்போதும்.
லியாண்ட்ரோ ஒன்றும் கேட்கவில்லை.
கல்லை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்து
என் உள்ளங்கையில் வைத்தான்.
பத்து நாள் தண்ணீரை
ஓட்டை ஓட்டையாகக் குடித்த கனம்.

ஆசிரியை ஜசிந்தா தன் பெயரைத்
தானே அடித்தார்.

பிறகு பெரிய சண்டை, கல் இடமா வலமா என்று.
மணி அடித்தும் ஓயவில்லை.
கடைசியில் கோட்டின் மேலேயே எழுதினார்கள்,
பாதி எழுத்து அங்கே, பாதி இங்கே.
அதன் கீழே:
"வியாழன், மாலை 5.40. பார்த்தவர்: ஒடிலியா."
'டீ'யின் சுழியை விட்டுவிட்டார்கள்.
ஈரத்தாள், திருத்தினால் கிழியும்.

இன்று தொட்டியில் வேறென்னவோ,
கலங்கலாக, உப்பு வாசனையோடு.
சீட்டில் ஒரு வரி கூடியிருக்கிறது:
"ஏதாவது நடந்தால் நேரம் எழுதவும்."
பக்கத்தில் ஒரு பென்சில்,
நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

தரையெல்லாம் மறுபடியும் பசை.