ரிப்பன் எண் பதினேழு

ஊர்ச் சட்டம், அத்தியாயம் நாற்பத்தொன்று, பிரிவு ஆறு:
ஈரநிலத்தின் விளிம்பிலிருந்து நூறு அடிக்குள்
எது செய்வதானாலும் எங்களைக் கேட்க வேண்டும்.
முதல் இருபத்தைந்து அடிக்குள் என்றால்
கேட்கவே வேண்டாம்.

எங்கள் குழுவில் ஐந்து பேர்.
ஒரு பல் மருத்துவர்,
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஃபுர்ட்டாடோ,
ஓய்வு பெற்ற இரண்டு கணக்கர்கள்,
மண் படித்த நான்.
மாதம் இரண்டு செவ்வாய், நூலகத்தின் கீழ்த்தளம்.
சம்பளம் கிடையாது. பிஸ்கட் உண்டு.

ஓரின் ட்யூக்ஸ்பரிக்கு இரண்டு கார்.
இரண்டும் மாசசூசெட்ஸின் பனியில் நிற்பது
அவருக்குப் பொறுக்கவில்லை.
வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட மனு.
வீட்டுக்குப் பின்னால்தான் சதுப்பும்.

ஆகஸ்டில் போனேன்.
"இதுவா சதுப்பு?" என்று செருப்பைத் தூக்கிக் காட்டினார்.
நனையவில்லைதான்.
ஈரம் எங்கே முடிகிறது என்று
கோடையில் கண்ணைக் கேட்டால் பொய் சொல்லும்.
மண்துளைப்பானை முறுக்கி இறக்க வேண்டும்.
பத்து அங்குலத்தில் சாம்பல் நிறம், அதில் துருப் புள்ளிகள் வந்தால்
வருடத்தில் பாதி நாள் மூச்சை அடக்கிக் கிடந்த மண் அது.
அப்படித் துளைத்துத் துளைத்து
சிவப்பு மேப்பிள்களில், புதர்களில்
இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டினேன்,
ஒன்று முதல் இருபத்துமூன்று வரை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்:
பதினான்குக்குப் பிறகு கொசு.
நாலைந்து இடத்தில் துளைக்காமல்
கண்ணை நம்பினேன்.

வரைபடத்தில் பதினேழிலிருந்து கொட்டகை மூலைக்கு
முப்பத்தோரு அடி.
எல்லோரும் கை தூக்கினோம்.

மார்ச் கடைசியில்
தோண்டுவதற்கு முன் ஒரு பார்வை.
குட்டை ஓரத்தில் இன்னும் பனிக்கட்டி,
நடுவில் காட்டுத் தவளைகள்
வாத்துக் கூட்டம் போலக் கத்துகின்றன.
நாடாவை நீட்டினேன்.
இருபத்திரண்டு அடி.

மறுபடி நீட்டினேன்.
இருபத்திரண்டு.

ஒன்பது அடி நடந்து வந்திருக்கிறது ரிப்பன்,
வீட்டைப் பார்த்து.
பதினாறும் கூட வந்திருக்கிறது.
என் முடிச்சு இரட்டை முடிச்சு, வால் விட்டுக் கட்டுவேன்.
இவை பூ முடிச்சு,
பரிசுப் பெட்டியில் கட்டுவது போல, இதழ் இரண்டும் சமமாக.

ஓரின் கத்தினார்.
தன் கொட்டகைக்குத் தானே வேட்டு வைக்க
தனக்கென்ன பைத்தியமா என்றார்.
நியாயம்தான்.
பக்கத்து வீட்டுக்காரனைச் சொன்னார், குழுவைச் சொன்னார்,
பல் மருத்துவருக்குத் தன்மேல் பழைய பகை என்றார்.
சமையலறை ஜன்னலில் அவர் மனைவி ஹெஸ்டர்
ஒரே கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.
அந்த ஜன்னலுக்குக் குட்டை முழுக்கத் தெரியும்.

யாரோ நகர்த்திய ரிப்பன் செல்லாது.
கழற்றத்தான் கை வைத்தேன்.
எதற்கும் இருக்கட்டும் என்று
அதன் அடியில் துளைப்பானை இறக்கினேன்.

பத்து அங்குலம்.
சாம்பல்.
துரு.

இன்னும் ஓரடி வீட்டுப் பக்கம் தள்ளித் துளைத்தால்
நல்ல பழுப்பு, உலர்ந்தது, உதிர்வது.
ஒரு கருவியும் இல்லாமல்
அவள் கட்டிய இடம் பிசகவில்லை.
எத்தனை மார்ச் பார்த்தாளோ,
பனி எங்கே முதலில் கரைகிறது,
மழை இரவில் மஞ்சள் புள்ளிச் சாலமாண்டர்
எந்த இலைக்குவியலிலிருந்து கிளம்புகிறது என்று.

அறிக்கையில் எழுதினேன்:
எல்லைக்கோடு திருத்தப்பட்டது.
காரணம்: மறு ஆய்வு. முந்தைய பிழை என்னுடையது.
மனுதாரர் கொட்டகையைச் சாலைப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

பூ முடிச்சை அவிழ்த்து
அதே கிளையில் இரட்டை முடிச்சாகக் கட்டும்போது
பின்னால் கதவு திறந்தது.
ஓரின் இல்லை.

கோப்பை இன்னும் கையில்.
நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.
"பதினெட்டையும் பாருங்கள்," என்றாள்.
"எனக்கு அதுவரை எட்டவில்லை.
முள்."