டோக்கன் 41

இருபது கொண்டை ஊசி ஏறி வந்த வண்டி.
பிரேக்கில் இன்னும் தீய்ந்த வாடை.
என் சட்டையில் மாதேசன் என்று எழுதியிருக்கிறது.
அவர் பெயரை நான் கேட்கவில்லை.
நாற்பத்தொன்று, அவ்வளவுதான்.

சீட்டைப் பின்னுக்குத் தள்ளவில்லை,
முட்டி இடிக்க இடிக்க ஓட்டினேன்.
கண்ணாடியையும் திருப்பவில்லை.
அதில் தெரிந்தது
பின்சீட்டில் ஒற்றைச் செருப்பு,
என் உள்ளங்கை நீளம்கூட இல்லை.

மறந்துவிட்டுப் போன போன்
திரையில் எரிந்தது:
'எடுக்காதே' அழைக்கிறார்.
ஒன்பது தடவை.
நான் எடுக்கவில்லை.
படித்ததே தப்பு.

கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.
நன்றி சொல்லவில்லை அவர்,
என் முகத்தைப் பார்த்தார்,
படித்தேனா என்று.

விடிவதற்குள் சேலத்திலிருந்து ஒருத்தர்.
இன்ஜினை அணைக்காமலே இறங்கினார்.
வெள்ளை வண்டி, பம்பரில் கீறல்,
ஒரு பொம்பளை, ஒரு குழந்தை, வந்துச்சா?
விரலிடுக்கில் ஐந்நூறு ரூபாய்,
மடிப்புக் கலையாமல்.

ஏற்காட்டுப் பனியில
எல்லா வண்டியும் வெள்ளைதாங்க
என்றேன்.

கீழ் ஷெட்டில்
முன் நம்பர் சுவரைப் பார்த்திருக்கிறது,
பின் நம்பரை ஒட்டி ஓட்டல் ஜீப்.
ராத்திரியே அப்படி நிறுத்தியாயிற்று.
ஏன்டா இவ்வளவு நெருக்கி என்றார் சூப்பர்வைசர்.
சரிவு சார்,
உருண்டுடும்.