கொருக்குப்பேட்டை கேட்டில் ஐஸ்பெட்டியோடு

கேட் விழுந்து இருபது நிமிஷம்.
சரக்கு வேகன்களை எண்ண ஆரம்பித்து
முப்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
மடியில் தெர்மோகோல் பெட்டி,
உள்ளே அமலோற்பவத்தின் ரத்தம் மூன்று மில்லி.
லேபிளில் அவள் பெயர் கிடையாது.
கே-நாற்பத்தொன்று என்று என் கோணல் கையெழுத்து.

"மீனா மேடம்?" என்றார் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர்.
ஆமாம் என்றேன்.
இந்தப் பக்கம் தெர்மோகோல் பெட்டி என்றால் வேறென்ன.

ஆர்.என்.ஏ. ஐஸை நம்பிப் பிழைப்பது.
பேசும்போது தெறிக்கும் எச்சில் போதும்,
விரல் வியர்வை போதும்,
அறுந்துகொண்டே போகும்.
நவம்பர் மழை விட்ட புழுக்கத்தில்
ஒவ்வொரு வேகனும் அதில் கொஞ்சம் அறுக்கிறது.

டெங்கு உள்ளே வந்தால்
செல்லும் சும்மா இருப்பதில்லை.
நுனியைப் பிடித்து மென்றுகொண்டே வரும் ஒரு நொதி,
பத்தாயிரம் எழுத்தைத் தின்று தீர்த்து
வால் பக்கம் வரும்போது
பல் மாட்டிக்கொள்ளும்.
வைரஸ் அங்கே ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது.

மிச்சம் நானூறு எழுத்து.
ஒரு புரதத்துக்கும் அதில் குறிப்பு இல்லை.
என் கல்லூரி நோட்டில்
அதற்கு இரண்டு வரிகூட இல்லை.
அந்த நானூறைத்தான் நான் தேடுகிறேன்.

காலையில் ஒப்புதல் படிவம் நீட்டும்போது
அவளிடம் இதைச் சொன்னேன்.
ஐந்து நாள் காய்ச்சல், தட்டணு இருபத்திரண்டாயிரம்,
ஈறோரம் கசிவு.
எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.
"அப்போ தொண்டையில மாட்ன முள்ளுன்ற."
"கிட்டத்தட்ட."
"முள்ளு மாட்னா தின்றவனுக்குத்தான் வலி.
மீனுக்கு இன்னா வந்துச்சு?"

படிவத்தைத் திருப்பி
தேதி எங்கே போடணும் என்று காட்டினேன்.

மாட்டிய நொதி
வேறு வேலைக்குப் போக முடியாமல் நிற்கும்.
மிச்சத்துண்டு போய்
செல்லின் அபாய மணியில் நாக்கைப் பிடித்துக்கொள்ளும்.
பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது.
கொசு எச்சிலிலும் ஏறிவரும் அது,
குத்தப்போகும் இடத்தை
முன்கூட்டியே தூங்கவைக்க.

எங்கள் திட்டத்து தேவசித்தம்
டீக்கடையில் ஒருநாள் சொன்னான்:
கொடுங்கையூர் மேடு மாதிரிதான் இதெல்லாம்.
குப்பை என்று தள்ளினதில்தான் விஷயம் இருக்கு.
நம்ம ஏரியா மாதிரி. நம்ம மாதிரி.
நான் பிறந்தது வியாசர்பாடியில்.
அழகாகத்தான் இருந்தது, தலையாட்டினேன்.

கேட்டில் உட்கார்ந்து யோசித்தால் ஒப்பவில்லை.
மேட்டில் கம்பி பொறுக்குகிறவன்
எவன் மணியையும் பிடித்து நிறுத்தவில்லை.
இந்த மிச்சம் யார் பக்கம் என்பது
அமலோற்பவத்தின் ஈறுக்குத் தெரியும்.
அவள் சந்தில் மூன்று நாளைக்கொருமுறைதான் தண்ணீர்,
அதனால் ட்ரம், அதற்கு மூடி இல்லை.
அதையும் உவமையாக்கச் சொல்லாதே, தேவசித்தம்.
ட்ரம் ட்ரம்தான். உள்ளே புழு நெளிகிறது.

கேட்டைத் தூக்கினார்கள்.
ஐஸ்கட்டிகள் குண்டூசிப் பருமனுக்கு வந்திருந்தன.

ராத்திரி எட்டு மணிக்கு ஜெல்லில்
மேலிருந்து கீழ்வரை புகை.
கோடு விழ வேண்டிய இடத்தில்
கோடு என்றால் கோடு, கறை என்றால் கறை.
ஆசையில் மூன்று தடவை பார்த்தேன்.
பிறகு நோட்டில் எழுதினேன்:
கே-நாற்பத்தொன்று, சரியில்லை, மறுபடி எடுக்கணும்.

மறுநாள் தட்டணு நாற்பதாயிரம்.
கஞ்சி டம்ளரை இறக்கிவைத்துக் கேட்டாள்:
"முள்ளு ஆப்ட்டுச்சா?"
"இல்ல. கேட் போட்டுட்டாங்க."
"எந்த கேட்டு?"
"கொருக்குப்பேட்டை."
"அட, அங்க நின்னா மீனே நாறிடுமேம்மா,"
என்று சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு,
ஈறு வலிக்கிறதாம்.

ஊசி குத்தி நீலம் பூத்த கையை மடியில் வைத்துக்கொண்டு
மற்றதை நீட்டினாள்.