விரல் பதியவில்லை

சாயங்காலம் ஐந்தரைக்கு
சமுதாயக் கல்லூரி மாடி வகுப்பில்
ஃபேன் சுற்றும், காற்று வராது.
இருட்டினால் மட்டும் வேலூர் வெயிலுக்கு
வெட்கமா வந்துவிடும்.

முதல் பாடம், கேட்பது.
எதிரே இருப்பவர் ஐந்து நிமிடம் பேசுவார்,
நான் வாயைத் திறக்கக் கூடாது.
எதிரே தணிகாசலம், பழைய ஆட்டோ டிரைவர்.
காட்பாடி ஸ்டேஷன் தகராறு, போலீஸ், போன பல் என்று
அவர் சொல்லச் சொல்ல
"அப்பொறம் இன்னா பண்ணீங்கோ?" என்றேன்
என்னை அறியாமல்.
பெர்னதெத் மேடம் என் நோட்டில் எழுதினார்:
மூன்று முறை குறுக்கிட்டீர்.

இரண்டாம் பருவத்தில் வந்தது அந்தச் சொல்,
பரிந்து பேசுதல்.
அது எனக்குத் தெரிந்ததுதான் என்று நினைத்தேன்.
ஆம்பூரில் ஒன்பது வருஷம்
ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டிய லைனில்
சூப்பர்வைசர் யாரை வைதாலும்
எழுந்து நின்றவள் நான்.
வேலை போனதும் அப்படித்தான்.

மேடம் பலகையில் ஒரு கோடு போட்டார்.
ஒருவருக்குப் பதிலாகப் பேசுவது இந்தப் பக்கம்,
ஒருவரோடு நின்று பேசுவது அந்தப் பக்கம்.
சாக்பீஸ் நடுவில் உடைந்து
ஓரிடத்தில் கோடு விட்டுப் போயிருந்தது.
நான் அந்த இடைவெளியோடு சேர்த்தே வரைந்துகொண்டேன்.

களப்பணிக்கு வாய்த்தவர்
பேரணாம்பட்டு மெஹ்ருன்னிசா.
முப்பது வருஷமாகப் பீடி.
தினம் ஆயிரம் உருட்டி உருட்டி
ரேகை தேய்ந்து
பெருவிரல் புளியங்கொட்டை மாதிரி வழவழத்துவிட்டது.
ரேஷன் கடை மெஷின் சிவப்பாய்ச் சொல்லும்:
பதியவில்லை, மீண்டும் வைக்கவும்.
எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தாராம்.
துப்பட்டாவில் துடைத்து, வாயால் ஊதி,
கடைக்காரர் "பின்னாடி இருக்கறவங்க வாங்க" எனும் வரை.
நாலு மாசமாய் அரிசி இல்லை.

திங்கட்கிழமை, சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீஸ்.
மனு எழுதித் தருகிறவர்களின் மேஜைகளைத் தாண்டி
என் கையெழுத்தில் என் மனு.
பெறுநர் முதல் இப்படிக்கு வரை
மூன்று தரம் திருத்தியது.
வரிசை நெடுக வாய்க்குள் ஒத்திகை.
"ஐயா, இந்தம்மாவுக்கு" என்று தொடங்கினேன்.
மெஹ்ருன்னிசா என் மணிக்கட்டை அழுத்தினார்.
"நீ இரும்மா. இந்தா, பையப் புடி."

மேஜைக் கண்ணாடிமேல்
பெருவிரலை வைத்து எடுத்தார்.
கோடே இல்லாமல் ஒரு வியர்வை வட்டம்.
"பாருங்க சார். இதான் என் விரலு.
அரிசிக்கு எந்தக் கோடு வேணும்னு
நீங்களே போட்டுக் குடுங்க."

அவர் கண்ணாடியையும் பார்த்தார், விரலையும்.
கண்விழி மெஷின் என்று ஏதோ எழுதி
வட்ட வழங்கல் ஆபீசுக்குத் தள்ளினார்.
அரிசி வந்ததா என்று கேட்காதீர்கள்,
இன்னும் ரெண்டு நடை பாக்கி.

அறிக்கையில் ஒரு கட்டம்: மாணவியின் பங்கு.
"பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்" என்று எழுதினேன்.
பத்துக்கு எட்டு.

இதற்கிடையில்
கல்லூரி வாசலில் புதுசாய் ஒரு மெஷின்.
ஒன்பது வருஷப் பசை தின்ற என் விரலைப்
பாதி நாள் அது ஏற்காது.
"வருகை அறுபத்தெட்டு சதவீதம், அமுலு.
பரீட்சை எழுத முடியாது"
என்றது ஆபீஸ் ஜன்னல்.
சரிங்க என்று தலையாட்டிவிட்டு
பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.
லைனில் எழுந்து நின்றவள்
எந்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டாளோ.

பள்ளிகொண்டா டோல்கேட் வெளிச்சத்தில்
மடியில் நோட்டு.
பெறுநர் என்று எழுதினேன்.
பொருள் என்று எழுதினேன்.
அதற்குக் கீழே
எனக்காக ஒரு வரி வரவில்லை.

அடுத்த நடைக்கு நாள் கேட்க
மெஹ்ருன்னிசா போன் பண்ணினார்.
எப்படியோ சொல்லிவிட்டேன்.
அந்தப் பக்கம் முறத்தில் கத்தரிக்கோல் வைக்கும் சத்தம்.
"எத்தினி மணிக்குத் தொறப்பாங்க உங்க ஆபீசு?
நாளைக்கி வரேன்.
நான் பேச மாட்டேன்,
பையப் புடிச்சினு நிக்கிறேன்."

"பையில ஒண்ணும் இல்லியே" என்றேன்.
"இருக்கட்டுமே" என்றார்.
பஸ் நகர்ந்துவிட்டது, அப்புறம் சரியாகக் கேட்கவில்லை.