எடை

ஜூலை. லிஃப்ட் ஓடாத நான்காம் மாடி வார்டு.
பதினேழாம் கட்டில்: ஹர்ஜு ராம்.
வயது கேட்டால், பனி கூரையை மூடிய வருஷத்தில் பிறந்தேன் என்கிறான்.
ஸ்கேன் அறையில்
இடுப்பின் கறுப்புக் கம்பளிக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்கள்.
அவிழ்த்தான், அவிழ்த்தான்,
அவிழ்த்துக்கொண்டே இருந்தான்.
மேஜைமேல் ஓர் ஆட்டுக்குட்டி படுத்த அளவுக்குக்
குவிந்தது கயிறு.

கல்லீரலில் நீர்க்கட்டி.
கட்டிக்குள் குட்டிக் கட்டிகள்,
பட்டியில் நெருக்கி அடைத்த மாதிரி.
திரையைக் காட்டினேன்.
ஒரு பார்வையில் எண்ணிப் பதினொன்று என்றான்.
ரிப்போர்ட்டில் ஒன்பது.
மறுநாள் ஒன்பதை அடித்துவிட்டுப் பதினொன்று எழுதியிருந்தது.
யார் திருத்தியது என்று நான் கேட்கவில்லை.

நாய் உண்டா என்றார் டாக்டர்.
மூன்று.
எங்கே படுக்கும்?
இந்த மனிதருக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாதா
என்பதுபோல் என்னைப் பார்த்தான்.
கணவாய்க்கு அப்பால், கல் அடுக்கிய மறைப்பில்,
முதுகுக்கு ஜப்ரூ,
வயிற்றுக்கு மற்ற இரண்டும்.

என் தென்காசி இந்தியும் அவன் மலை இந்தியும்
முட்டிக்கொண்டு நின்ற இடத்தில் விளக்கினேன்:
ஆட்டின் ஈரலில் இருப்பதை நாய் தின்னும்,
நாயின் மயிரிலிருந்து உன் கைக்கு வரும்,
கையிலிருந்து ரொட்டிக்கு.
வெகுநேரம் பேசாமலிருந்தான். பிறகு,
"கொப்புளம் விழுந்த ஈரலை
மனுஷர் தின்னக் கூடாதென்று
நான்தான் அதற்குப் போட்டேன்."

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் போன் வந்தது.
மேலே ஒரே ஒரு பாறையில்தான் சிக்னல்;
மச்சான் செவ்வாய்தோறும் ஏறுவான்.
கரடி வந்ததாம், ஜப்ரூ துரத்தியதாம்,
வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.
பக்கத்துக் கட்டில் கான்பூர்க்காரர்
எத்தனை ஆடு போயிற்று என்றார்.
ஒன்றும் போகவில்லை. ஜப்ரூவுக்குக் காதில் கொஞ்சம்.

வீட்டுக்குப் போகும் நாள் மாத்திரைச் சீட்டை நீட்டினேன்.
புரட்டிப் பார்த்தான்.
"அதற்கு?"
அதற்குச் சீட்டில் இடமில்லை.

டியூட்டி முடிந்து யூசுஃப் சராயில் ஒரு மருந்துக் கடை.
பூச்சி மாத்திரை இருக்கிறது,
நாய் என்ன எடை என்றார் கடைக்காரர்.
ஹர்ஜு கண்ணை மூடினான்.
ஆட்டோக்கள் ஒதுங்கிப் போன அந்தத் தெருவோரத்தில்
இரண்டு கையையும் நீட்டி
எதையோ தூக்கினான். தையல் இழுத்திருக்கும்,
உதட்டைக் கடித்தான்.
"ஈன்று முடித்த ஆட்டைவிடக் கொஞ்சம் குறைவு."

கிலோவில் சொல்லச் சொல்லுங்கள் என்றார்
கடைக்காரர் என்னிடம்.
அவன் இன்னும்
கையை இறக்கவில்லை.